"ரெப்ரெசன்ட்" என்று நான் எழுதலாமா? எங்கள் லயத்துக் கடிதத்துக்கு உதவி வேண்டும்

சிப்புட் லயத்துக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைக் கேட்க வந்திருக்கிறேன். மூன்று நாளாகக் கடிதம் அந்தச் சொல்லைத் தாண்டவில்லை.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல வருடம் ஆகிவிட்டது. நான் டவுனில் லாரி ஓட்டுகிறேன். குடியிருப்பது மட்டும் அதே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில். மொத்தம் 23 வீடு. தோட்டம் கைமாறிப் புது நிர்வாகம் வந்ததும், மெயின் ரோட்டுக்குப் போகும் பாதையில் இரும்பு பாலாங் (தடுப்புக் கதவு) போட்டுவிட்டார்கள். இரவு எட்டு மணிக்குப் பூட்டினால் காலை ஐந்தரைக்குத்தான் திறப்பு. செம்பனைக் குலை திருட்டு நடக்கிறதாம்.

போன மாதம் எதிர்வீட்டுப் பாட்டிக்கு நடுராத்திரி மூச்சுத் திணறல். காவல்கார ஜாகாவைத் தேடிப் பிடித்துச் சாவி வாங்கவே முக்கால் மணி நேரம் போய்விட்டது. அந்த முக்கால் மணி நேரமும் காடியின் பின் சீட்டில் பாட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். பாட்டி பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் இன்னும் தூக்கம் சரியாக வரவில்லை.

மறுநாள் கோயில் திண்ணையில் ஐந்தாறு பேர் கூடி, "நீதான் பத்து பேரோடு பழகுறவன், நீயே எழுது" என்று சொல்லிவிட்டார்கள். இங்கிலீஷில் எழுதினால் தலைமை அலுவலகம் வரை போகும் என்று ஆபீஸில் வேலை செய்யும் தம்பி சொன்னார். முதல் வரி இப்படி எழுதினேன்: "ஐ ஆம் ரெப்ரெசன்டிங் ஃபார் 23 ஃபேமிலீஸ்."

படிவம் நான்கில் படிக்கும் என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, ஃபார் வராது" என்றாள். அவள் கட்டுரை நோட்டிலும் இதே சொல்லில் சிவப்பு வட்டம் இருந்தது. தேசியக் கொடியின் மஞ்சள் நிறத்தைப் பற்றி, "இஸ் ரெப்ரெசன்டிங்" என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று மட்டும் போட்டிருக்கிறது, காரணம் இல்லை. அகராதியில் பார்த்தால் பிரதிநிதியாக இரு, குறி, சித்திரி என்று மூன்று பொருள்.

மஞ்சள் நிறம் செய்வதும் நான் செய்யப்போவதும் ஒரே வேலையா? அதைவிட முக்கியமாக ஒன்று. எனக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை. 23 குடும்பத்துக்கும் நான்தான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடுமா?

---

டியூஷன் டீச்சர், தாப்பா:

அண்ணா, மகள் சொன்னது சரி. "ஃபார்" வேண்டாம். தமிழில் "பள்ளிக்காக விளையாடினான்" என்கிறோம் இல்லையா, அந்தக் "காக" நம் இங்கிலீஷுக்குள் புகுந்து "ரெப்ரெசன்டட் ஃபார் பேராக்" என்று வந்துவிடும். என் மாணவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். இந்த வினைச்சொல் செயப்படுபொருளை நேராகத் தொடும். "ரெப்ரெசன்டட் பேராக்", அவ்வளவுதான். சொல்லும்போது அழுத்தம் கடைசி அசையில் வரும்.

பொருள் விஷயத்துக்கு மலாயில் யோசியுங்கள், நமக்கு அது கைவந்த வழி. ஆளுக்குப் பதில் ஆள் நின்றால் மெவாக்கிலி. நிறமோ சின்னமோ ஒன்றைக் குறித்தால் மெலம்பாங்கான். படம் ஒன்றைக் காட்டினால் மெங்கம்பார்கான். கணக்கு எழுதும்போது இவ்வளவு பங்கு ஆகிறது என்றால் மெருப்பாக்கான். மலாய் நான்காகப் பிரித்து வைத்திருப்பதை இங்கிலீஷ் ஒரே சொல்லில் போட்டுவிட்டது. லத்தீன் மூலத்தில் அதற்கு முன்னே கொண்டுவந்து வைத்தல் என்று பொருள். இங்கே இல்லாத ஒன்றை இங்கே இருக்கச் செய்வது என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். சுல்தான் வகுப்பறையில் இல்லை, அரச நிறமான மஞ்சள் துணி இருக்கிறது. 23 குடும்பம் மேனேஜர் அறையில் இல்லை, நீங்கள் இருப்பீர்கள். அதனால் ஒரே வேலைதான் என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெவாக்கிலிக்குள் இருக்கும் "வாக்கில்" அரபுச் சொல். நம் ஊர் "வக்கீலும்" அதே சொல்தான், பாரசீக வழியாகத் தமிழுக்கு வந்தது. உங்கள் லயத்துக்கு நீங்கள் வாக்கில் என்றாலும் வக்கீல் என்றாலும் வேர் ஒன்று.

மகளின் சிவப்பு வட்டத்துக்குக் காரணம் இது. நிறம் ஒன்றைக் குறிப்பது ஒரு நிலை. இன்று தொடங்கி நாளை முடிகிற செயல் இல்லை. அதனால் அங்கே "ரெப்ரெசன்ட்ஸ்" என்று நிற்க வேண்டும், "இஸ் ரெப்ரெசன்டிங்" வராது. ஆள் ஒருவர் ஒரு வழக்கிலோ பேச்சுவார்த்தையிலோ இப்போது நமக்காக நிற்கிறார் என்றால் "இஸ் ரெப்ரெசன்டிங் அஸ்" சரிதான். ஆகவே உங்கள் வரியில் "ரெப்ரெசன்டிங்" தப்பே இல்லை, "ஃபார்" மட்டும்தான் தப்பு. மகளுக்கு உங்கள் ஊரையே உதாரணமாகச் சொல்லுங்கள். சாமிவேலு 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். அது முடிந்த காலம், எனவே "ரெப்ரெசன்டட்". 2018-ல் வந்த கேசவன் 2022-லும் ஜெயித்தார். அவருக்கு "ஹாஸ் ரெப்ரெசன்டட் சுங்கை சிப்புட் சின்ஸ் 2018".

கொடிக்கு வந்தால், பேராக் மாநிலக் கொடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தேசியக் கொடியின் மஞ்சள் மலாய் ஆட்சியாளர்களின் அரச நிறம். பேராக் கொடியில் வெள்ளை சுல்தானுக்கு, மஞ்சள் பட்டத்து இளவரசரான ராஜா மூடாவுக்கு, கறுப்பு அவருக்கு அடுத்த வாரிசான ராஜா டி ஹிலிருக்கு. மஞ்சள் அதே மஞ்சள், நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறு ஆளைக் காட்டுகிறது. 14 கோடுகளின் கதை இன்னும் நல்ல கதை. 1963-ல் மலேசியா உருவானபோது சிங்கப்பூரையும் சேர்த்து 14 மாநிலங்கள். 1965-ல் சிங்கப்பூர் பிரிந்தது. கொடியில் ஒரு நூலைக்கூட யாரும் பிரிக்கவில்லை. இப்போது 13 மாநிலங்களும் கூட்டரசும் சேர்ந்து 14 என்கிறோம். கோடு தானாக எதையும் குறிப்பதில்லை, நாம் எல்லாரும் ஒத்துக்கொண்டதால் குறிக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்த மாதிரி இருக்கிறது, ஆனால் பெரியவர்கள் யாராவது சொல்லட்டும்.

---

கம்பார்காரன்:

அண்ணே, இலக்கணம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பாட்டிக்கு மறுபடியும் மூச்சுத் திணறிவிடும். இன்றைக்கே அனுப்புங்க. "வீ ஆர் ஃப்ரம் தி எஸ்டேட்" என்று எழுதினாலே அவர்களுக்குப் புரியும்.

---

ஈப்போ அக்கா:

கம்பார் தம்பி சொல்லும் அவசரம் நியாயம். ஆனாலும் அனுப்பும் முன் ஒரு நாள் பொறுக்கலாம். நான் பதினெட்டு வருடம் வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள், வழக்கறிஞர் இல்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

இந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் இன்னொரு முகம் உண்டு. ஒரு விஷயத்தை உண்மை என்று எடுத்துச் சொல்வதும் "ரெப்ரெசன்ட்"தான். அப்படிச் சொன்னது உண்மையாக இல்லாவிட்டால் "மிஸ்ரெப்ரெசன்டேஷன்". 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 18-ஆம் பிரிவே அதைப் பற்றியது. உங்கள் கடிதம் ஒப்பந்தம் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் தம்பி, 23 என்று எழுதி, நாளைக்கு ஒரு வீட்டுக்காரர் ஆபீஸில் போய் "என்னை யாரும் கேட்கவில்லையே" என்று சொன்னால், மற்ற 22 வீட்டின் வார்த்தையும் சேர்ந்து விழுந்துவிடும். நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"ஆன் பிஹாஃப் ஆஃப்" என்று போட்டால் கொஞ்சம் பணிவாக இருக்கும். ஆனால் அதுவும் அனுமதி வாங்கிய பிறகு போடும் சொல்தான். இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

---

பழைய ஸ்டோர் கிராணி:

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நான் ரப்பர் காலத்துக் கிராணி, அதாவது எழுத்தர். 31 வருடம் ஸ்டோரில் ரப்பர் பாலை எடைபோட்டவன். உங்கள் அப்பா அம்மா மாதிரி ஆயிரம் பேருடைய வாளி என் கை வழியாகப் போயிருக்கும்.

அந்த வேலையிலேயே உங்கள் சொல் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வரும் பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். நூற்றுக்கு 30, 40 அளவில்தான் காய்ந்த ரப்பர் தேறும். மழை பெய்தால் அதுவும் குறையும். சம்பளக் கணக்குக்குக் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒவ்வொருவர் பாலையும் முழுதாகக் காயவைத்துப் பார்க்க முடியுமா? கொஞ்சம் மொண்டு, ஆசிட் விட்டு உறைய வைத்து, தகடாக உருட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்போம். அவசரத்துக்கு மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை மிதக்க விட்டு அளவு பார்ப்போம். கையளவு பால் அந்த வாளி முழுவதற்கும் பதில் சொல்லும். தோட்ட மேனேஜர் துரை அதை "ரெப்ரெசன்டேடிவ் சாம்பிள்" என்பார். நான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டது பள்ளியில் இல்லை, பால் கொட்டாயில்.

மொள்ளும் முன் கலக்க வேண்டும், தம்பி. அடிவரை துடுப்பு போட்டுக் கலக்க வேண்டும். நின்ற பாலில் மேலாக மொண்டால் ஒரு கணக்கு, அடியில் மொண்டால் வேறு கணக்கு. கலக்காமல் எடுத்த சாம்பிள் பொய் சொல்லும். அந்தப் பொய் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்தில் போய் விழும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவசரத்தில் கலக்காமல் மொண்டேன். ஓர் அம்மா என்னைப் பார்த்து, "ஐயா, அது என் பால் இல்லை, மேல் நுரை" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு நாளும் கலக்காமல் மொண்டதில்லை.

கோயில் திண்ணையில் உங்களை எழுதச் சொன்ன ஐந்தாறு பேர் நல்லவர்கள்தான். ஆனால் அது மேலாக மொண்டது. நீங்கள் 23 கதவையும் தட்ட வேண்டும். தேர்தல் வேண்டியதில்லை, ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து இரண்டு நிமிடம் கேட்டாலே போதும்.

1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் வந்தபோது அதற்குப் பலம் எங்கிருந்து வந்தது? அதன் பொதுச் செயலாளர் பி.பி. நாராயணன் முதலாளிகள் முன்னால் உட்கார்ந்து பேசினார் என்றால், அவருக்குப் பின்னால் சந்தா கட்டிய ஆள் இருந்தார், பெயர் எழுதிய அட்டை இருந்தது. எதிரே முதலாளிகளுக்கும் ஒரு சங்கம் இருந்தது. இரண்டு பக்கமும், "நான் யாருக்காகப் பேசுகிறேன்" என்று காட்ட முடிந்தது. கிராணிமாருக்குத் தனிச் சங்கம், அதனால் நான் அதில் இல்லை. ஆனாலும் சம்பளப் பட்டியலில் சந்தா பிடித்து எழுதியவன் என்பதால் அந்த எண்ணிக்கையின் அருமை எனக்குத் தெரியும்.

கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்புறம் அந்தச் சொல் உங்களுக்குச் சொந்தம்.

---

சிப்புட் லயத்துக்காரன்:

ஐயா, நேற்று சாயந்திரமும் இன்று சாயந்திரமும் மகளைக் கூட்டிக்கொண்டு எல்லாக் கதவையும் தட்டினேன். அவள் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாள்.

23 இல்லை என்று தெரிந்தது. ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் ஜொகூருக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறதாம். பக்கத்தில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் மகன் தோட்ட ஆபீஸில் வேலை செய்கிறான், "பெயர் வேண்டாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். வற்புறுத்தவில்லை. மீதி 21 வீட்டிலும் கையெழுத்துப் போட்டார்கள். ஓர் அம்மா பாலாங் இருப்பதே நல்லது, திருட்டுப் பயம் குறைந்திருக்கிறது, ஆனால் சாவி லயத்திலும் ஒன்று இருக்க வேண்டும் என்றார். நான் பாலாங்கை எடுக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தேன். பிறகு கேட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் அந்த அம்மா சொன்னதையே சொன்னார்கள். கடிதத்தின் கோரிக்கையே மாறிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. கடைசி லயத்தில் இரண்டு வீடுகளில் வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களை எண்ணவே இல்லை. மகள்தான், "அவங்களும் அதே பாதையிலதானேப்பா போறாங்க" என்று கேட்டாள். போய்ப் பேசினோம், மலாயில். அவர்களில் ஒருவருக்குப் போன வருடம் ராத்திரியில் கையில் அரிவாள் வெட்டு, காலை வரை துணியைச் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். கையெழுத்துப் போட அவர்களுக்குப் பயம். ஆனால் நடந்ததைப் பெயர் இல்லாமல் எழுதுங்கள் என்றார்கள். எழுதிவிட்டோம்.

முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: "திஸ் லெட்டர் ரெப்ரெசன்ட்ஸ் தி ரெக்வெஸ்ட் ஆஃப் தி 21 ஹவுஸ்ஹோல்ட்ஸ் ஹூ ஹாவ் சைன்ட் பிலோ." டீச்சரம்மா, கடிதம் ரெப்ரெசன்ட் செய்யலாம்தானே? நான் என்று எழுதக் கை வரவில்லை.

---

டியூஷன் டீச்சர், தாப்பா:

செய்யலாம் அண்ணா. இரண்டு இடம் மட்டும் பாருங்கள். "ஹூ" ஆட்களுக்கு வருவது, வீடுகளுக்கு "விச்" போடுங்கள். "ரெக்வெஸ்ட்" என்று ஒருமையில் வைத்தது சரி, எல்லாரும் ஒரே கோரிக்கைக்கு வந்திருக்கிறீர்கள். மகளுக்கு என் அன்பு.

---

சிப்புட் லயத்துக்காரன்:

மாற்றிவிட்டேன். திங்கள் காலை எட்டரைக்கு ஆபீஸில் கொடுக்கிறேன். ஈப்போ அக்கா சொன்னபடி இரண்டு நகல் எடுத்தாயிற்று.