கொரோனாக் காலத்தில் அக்கி: நாங்கள் பார்த்தது

நியூ ஜெர்சியில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். 2020 ஏப்ரலில் எங்கள் கவனமெல்லாம் மூச்சுத் திணறல், ஆக்சிஜன் அளவு, இவற்றில்தான். அப்போது எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா, விலாப்பக்கம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொப்புளம் பட்டையாக ஒரே பக்கம் எழும்பிய பிறகுதான் அக்கி என்று தெரிந்தது. சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து, உடம்பு தளரும்போது கிளம்பும் நோய் இது. வைரஸ் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். டாக்டர் வீடியோவில் கிடைப்பதற்குள் அந்த நேரம் போய்விட்டது. வலியில் சாப்பாடு நின்றது, படுத்த படுக்கையானார், நிமோனியா வந்தது. கடைசியில் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லை.

இறப்புச் சான்றிதழில் முதலில் நிமோனியா. அக்கி கீழே, துணைக் காரணங்களில். அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு அக்கி வருகிறது. அதுவே அடிப்படைக் காரணமான இறப்புகள் ஆண்டுக்கு நூறுக்கும் குறைவு என்கிறது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. அந்த அம்மா அந்த நூறுக்குள் வரமாட்டார். எனக்கு இது ஆறவே இல்லை.

பதில்:

சிஸ்டர், எங்க அப்பா டெக்சாஸில் 2021 ஜனவரியில் கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து வீடு வந்த கொஞ்ச நாளில் நெற்றியிலும் இமையிலும் கொப்புளம். அம்மா பார்த்ததுமே, "அக்கிடா இது. ஊரா இருந்தா குயவர் வீட்டுல காவியில எழுதிட்டு வந்திருப்போம்"னாங்க. பெயரை அவங்க சொன்னதாலதான் அன்றைக்கே கண் டாக்டரிடம் ஓடினோம். பார்வை போகாமல் தப்பியது, எரிச்சல் மட்டும் ரொம்ப நாள் விடலை. கொரோனா வந்த, 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கி வரும் வாய்ப்பு 15 சதவீதம் கூடுதல், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு 21 சதவீதம் கூடுதல் என்று 2022-ல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது இதை யாராவது சொல்லியிருக்கணும்.

பதில்:

உங்க அம்மாவுக்குக் கோடி புண்ணியம், தம்பி. ஒருமுறை அக்கி வந்தவங்களும் ஷிங்ரிக்ஸ் என்கிற அக்கித் தடுப்பூசி போட்டுக்கலாம். இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளி. மெடிகேர் பார்ட் டி (முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் மருந்துச் செலவுக்கான பகுதி) இருந்தால் 2023 ஜனவரியிலிருந்து கைக்காசு தர வேண்டியதில்லை. அப்பாவுக்கு இரண்டும் போட்டாச்சா? அம்மாவுக்கு?