பிரீடர் ஷெட்டுல இருந்து வந்த ஷிட்ஸு, உடம்பு பூரா சடை, தொட்டா கடிக்க வருது. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

தோப்புவீடு (காவேரிப்பட்டணம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். ஓசூர் அவுட்டர்ல ஒரு ஷெட்டுல குட்டி போட வெச்சு விக்கிறதுக்குன்னே அடைச்சு வெச்சிருந்த நாய்ங்கள போன வாரம் சில பசங்க போய் வெளிய எடுத்தாங்க. எங்க தம்பியும் அந்த பசங்களோட போயிருந்தான், ரெண்ட எங்க வீட்ல கொண்டாந்து விட்டுட்டு கொஞ்ச நாள் பாத்துக்கோக்கான்னு போய்ட்டான். ஒண்ணு லேப் (லாப்ரடார்), அது மெலிஞ்சு கெடக்கு ஆனா சாப்பிடுது, வாலாட்டுது, பிரச்சனை இல்ல. இன்னொண்ணு தான் ஷிட்ஸு, நீளமா முடி வளர்ற சின்ன ஜாதி நாய், பொட்ட, மாட்டாஸ்பத்திரில பல்ல பாத்துட்டு வயசு அஞ்சு ஆறு இருக்கும்னாங்க.

அத எப்படி சொல்றதுன்னே தெரியல. காது முடியும் கழுத்து முடியும் ஒண்ணா சேந்து கம்பளி மாதிரி ஆயிடுச்சு, தலைய திருப்பினா முதுகுத் தோலும் சேந்து இழுபடுது. நடந்தா டக்கு டக்குனு சத்தம் வருது, மொதல்ல நகம்னு நெனச்சேன், குனிஞ்சு பாத்தா கால் முடில மலமும் மண்ணும் ஒட்டி காஞ்சு உருண்டை உருண்டையா தொங்குது, அது தான் சிமெண்ட் தரைல தட்டுது. அந்த வாடை வேற. மூணு நாளா ஒரு கோணிப்பை மேல தான் நிக்குது, அத விட்டு ஒரு அடி கீழ வைக்கல, இடது பக்கமாவே சுத்தி சுத்தி வருது. கிட்ட கை கொண்டு போனா உறுமி கடிக்க வருது, அப்புறம் அதுவே பயந்து சுவத்தோட ஒட்டிக்குது.

எங்க மாமியார் மண்ணெண்ணெ தடவினா உண்ணி எல்லாம் உதிரும்ங்கறாங்க. பக்கத்து வீட்டு அக்கா மொதல்ல நல்லா ஊற வெச்சு குளிப்பாட்டு, அப்புறம் கத்திரில வெட்டிடலாம்ங்கறாங்க. எனக்கு ரெண்டுமே பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கிளிப்பர்_ஓசூர்

அக்கா தயவு செஞ்சு ரெண்டையும் பண்ணாதீங்க. நான் ஓசூர்ல ஏழு வருஷமா க்ரூமிங், அதாவது நாய்ங்களுக்கு முடி வெட்டி சுத்தம் பண்ற வேலை பண்றேன், இந்த மாதிரி ஷெட்டுல இருந்து வர்ற நாய்ங்க எங்கிட்ட நெறைய வந்திருக்கு.

மண்ணெண்ணெ தோல வேக வெச்சிடும், நக்கினா வயித்துக்குள்ள போகும், நுரையீரலுக்கு போனா உயிருக்கே ஆபத்து. உண்ணிக்கு மாத்திரை இருக்கு, கழுத்துல விடுற சொட்டு மருந்தும் இருக்கு, எடை பாத்து டாக்டர் குடுக்கட்டும்.

குளிப்பாட்டறதுக்கு முன்னாடி சடைய எடுக்கணும், இதுல மட்டும் மாத்தமே கெடையாது. தண்ணி பட்டா சடை இன்னும் இறுகிடும், உள்ள ஈரம் காயாம தோல் புழுங்கி சீழ் வெச்சிடும். கத்திரி ஆகவே ஆகாது, சடைக்குள்ள தோல் மடிப்பா ஏறி வந்து உக்காந்திருக்கும், நமக்கு முடின்னு தெரியும், வெட்டினப்புறம் தான் தோல்னு தெரியும். வீட்ல வெட்டி காது நுனி போன நாய நான் பாத்திருக்கேன்.

கிளிப்பர் (முடி மழிக்கிற மெஷின்) தான் வழி, தோலோட ஒட்டி வெட்டற 10-ம் நம்பர் பிளேடு. நீளமான பல்லு பிளேடு போட்டா தோல் சிக்கிக்கும். தோல ஒரு கையால தட்டையா இழுத்து பிடிச்சிட்டு சடைக்கும் தோலுக்கும் நடுவுல மெதுவா ஓட்டணும், சடை அப்படியே பாய் சுருட்டற மாதிரி உரிஞ்சு வரும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ பிளேட உங்க மணிக்கட்டு உள்பக்கம் வெச்சு பாருங்க, சுட்டா நிறுத்திடணும். சீவி சிக்கெடுத்து முடிய காப்பாத்தலாம்னு நெனைக்காதீங்க, இவ்ளோ இறுகின சடைய சீவறது அதுக்கு சித்ரவதை. முடி தானா வளரும்.

ஒரே நாள்ல முடிக்க வேணாம். மொதல் நாள் பின்பக்கம், அப்ப தான் வலியில்லாம மலம் போக முடியும். அடுத்த நாள் கால், அப்புறம் அக்குள். நாய் கொட்டாவி விடும், உதட்ட நக்கிட்டே இருக்கும், கண்ணு வெள்ள தெரியும், அதெல்லாம் போதும்னு சொல்றது, அங்கயே நிறுத்திடுங்க. உறுமினா அடிக்கவோ அதட்டவோ கூடாது. உறுமல் தான் நமக்கு குடுக்கற எச்சரிக்கை, அத அடக்கினா அடுத்த தடவ சத்தம் இல்லாம கடிக்கும்.

காது கடைசில. இது நெறைய பேருக்கு தெரியறதில்ல. காதுல ரொம்ப நாள் தொங்கின கனமான சடைய திடீர்னு எடுத்தா ரத்த ஓட்டம் திரும்பி வர்றப்ப அரிப்பெடுக்கும், நாய் தலைய உதறிட்டே இருக்கும், அதுலயே காதுக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சு காது பூரி மாதிரி உப்பிடும். அதனால எடுத்தவுடனே பழைய சாக்ஸ்ல முன்னாடி பாகத்த வெட்டிட்டு தலைல மாட்டி காத தலையோட ஒட்டி வைங்க, இறுக்கமா இல்லாம ரெண்டு விரல் உள்ள போற மாதிரி.

நகம் கருப்பா இருந்தா உள்ள ரத்த நரம்பு எங்க இருக்குன்னு தெரியாது, நுனிய மட்டும் கொஞ்சமா, வாரத்துக்கு ஒரு தடவ. ரத்தம் வந்துட்டா கடைல விக்கிற கார்ன்ஃப்ளார் மாவு வெச்சு அழுத்துங்க, நின்னுடும். பாதத்துக்கு மேல இருக்கற அஞ்சாவது நகத்த மறக்காம பாருங்க, அது வளைஞ்சு சதைக்குள்ளயே போயிருக்கும்.

மாட்டு_டாக்டர்_தருமபுரி

மேல தம்பி சொன்ன எல்லாத்தையும் ஒத்துக்கறேன், ஒண்ணு மட்டும் வேற மாதிரி சொல்வேன். காதும் கழுத்தும் ஒட்டிப் போற அளவுக்கு இருந்தா அஞ்சாறு நாள் பிடிச்சு பிடிச்சு செய்யறத விட, ரத்தப் பரிசோதனை பாத்துட்டு மயக்கம் குடுத்து ஒரே தடவைல எடுக்கறது அதுக்கு நல்லது. ஒவ்வொரு நாளும் பிடிச்சு அமுக்கினா மனுஷக் கை மேல இருக்கற பயம் தான் கூடும். ஆனா ஷிட்ஸு சப்பை மூக்கு நாய், மயக்கத்துல மூச்சு விடறது கஷ்டம், அதனால மூச்சுக்கு தொண்டைல குழாய் போட்டு செய்யற வசதி இருக்கற இடமா இருக்கணும். உங்களுக்கு பெங்களூர் ஹெப்பால் கால்நடைக் கல்லூரியும் நாமக்கல் கல்லூரியும் ரெண்டுமே போய்ட்டு வர்ற தூரம் தான்.

ஈறு வெளுத்திருக்கான்னு பாருங்க, வெளுத்திருந்தா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், அன்னைக்கே காட்டணும். குட்டி போட்டுட்டே இருந்த பொட்ட நாய், கருப்பை எடுக்காதது, அது திடீர்னு நெறைய தண்ணி குடிச்சு, சோர்ந்து, பின்னாடி சீழ் வடிஞ்சா கர்ப்பப்பைல சீழ். சில சமயம் சீழ் வெளிய தெரியவே தெரியாது. நாளைக்கு பாக்கலாம்னு விடற வியாதி இல்ல அது. கண்ணுல பீளை காஞ்சு ஒட்டியிருந்தா ஆறின வெந்நீர்ல பஞ்ச நனைச்சு ஊற வெச்சு எடுங்க. வீட்ல இருக்கற மிச்ச சொட்டு மருந்த விட்டுடாதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்து கண்ணுல புண்ணும் இருந்தா பார்வையே போயிடும். பாரசிட்டமால், புரூஃபன் எதுவும் குடுக்காதீங்க.

கடிச்சுட்டா, லேசா கீறினா கூட, சோப்பு போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கோங்க. அதுக்கு தடுப்பூசி போட்டிருக்காங்களான்னு யாருக்கும் தெரியாது இல்லையா.

இன்னொன்னையும் சொல்லிடறேன், சொல்லாம இருக்க முடியல. 2017-ல வந்த நாய் வளர்ப்பு விதிகள் படி பிரீடர்னா மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும், 18 மாசம் ஆகாத பொட்டைய சேர்க்கைக்கு விடக்கூடாது, 8 வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாது. ஆனா 1960-ல வந்த மிருகவதைச் சட்டத்துல மொத தடவ மாட்டினா அபராதம் 10 ரூபால இருந்து 50 ரூபா வரைக்கும் தான். ஒரு குட்டிய ஆயிரக்கணக்குல விக்கறவனுக்கு 50 ரூபா என்ன பண்ணும்? குட்டி வாங்கறவங்க தாய் நாய காட்டுன்னு கேளுங்க, அத காட்ட மாட்டேன்னா வாங்காம திரும்பிடுங்க.

பாலக்கோடு_பெரியவர்

ஏம்மா, மருந்து மாத்திரை எல்லாம் அவங்க சொல்லிட்டாங்க. நான் எங்க வீட்டு நாயப் பத்தி சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு கூண்டுல இருந்து வந்தவ, கம்பி வலை மேலயே நின்னு நின்னு பாதம் விரிஞ்சு போயிருந்துச்சு. மண்ணுல கால் வெக்க பயந்தா. புல்லு குத்துதுன்னு காலத் தூக்கித் தூக்கி நின்னா. உங்க நாயி கோணிய விட்டு எறங்காததும் அதனால தான், அதுக்கு தெரிஞ்ச இடம் அவ்வளவு தான். ஒரே பக்கமா சுத்தறதும் கூண்டுக்குள்ள சுத்தின பழக்கம். ஆனா கூண்டுல இருந்து வராத நாய்க்கும் காது புண்ணுனால அப்படி வரும், டாக்டர் கிட்ட சொல்லி காதையும் பாக்க சொல்லுங்க.

நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு தான், ராத்திரி அவ கூட பாய் போட்டு கீழ படுத்தேன். முகத்த அந்தப் பக்கம் திருப்பிட்டு. பேசல, கூப்பிடல, தொடல. ராகிக் களிய ஆற வெச்சு உப்பில்லாம சின்ன சின்ன உருண்டையா உருட்டி என் முதுகுக்குப் பின்னாடி வெச்சுட்டு படுத்துக்குவேன், காலைல இருக்காது. ஒம்பதாவது நாளோ பத்தாவது நாளோ ராத்திரி முதுகுல ஈரமா ஏதோ பட்டுச்சு, மூக்கு. நான் மூச்சு கூட விடல.

தலைக்கு மேல கை கொண்டு போகாதீங்க, மோவாய்க்கு கீழ, நெஞ்சுல தொடுங்க. எவர்சில்வர் தட்டு சத்தத்துக்கு பயப்படும், பிளாஸ்டிக்கோ மண் சட்டியோ வைங்க. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை, பாவம்னு ஒரே நாள்ல கோழியா அள்ளிப் போட்டா காஞ்ச வயிறு தாங்காது. வெங்காயம் போட்ட கொழம்பு வேணவே வேணாம். அந்த லேப்ப பக்கத்துலயே விடுங்க, அது உங்க கைல வாங்கித் தின்றத பாத்து தான் இது கத்துக்கும். முக்கியமா வாசல் கேட்ல கவனமா இருங்க. பயந்த நாயி ஓடினா திரும்பி பாக்காது, உங்களுக்கு ஹைவே வேற கிட்ட. ஒரு மாசத்துக்கு பட்டையும் கயிறும் போடாம வாசல் தாண்ட விடாதீங்க.

தோப்புவீடு

எல்லாருக்கும் நன்றின்னு ஒரு வார்த்தைல சொல்ல மனசு வரல. 19 நாள் ஆச்சு, நடந்தத எழுதறேன்.

டாக்டர் சார் சொன்ன மாதிரி ரத்தம் பாத்தோம், உண்ணிக் காய்ச்சல் இருந்துச்சு, மருந்து ஓடுது. ரத்தம் கொஞ்சம் ஏறினப்புறம் பெங்களூர் கூட்டிட்டு போய் மயக்கம் குடுத்து எடுத்தாங்க. முடி மொத்தமா ஒரு மேலாட மாதிரி கழண்டு வந்துச்சு. அத பையில போட்டு கொண்டாந்து எங்க கடை தராசுல வெச்சேன், 610 கிராம். அவ எடை நாலு கிலோ. வலது காதுக்குப் பின்னாடி சடைக்கு அடில புழு வெச்ச புண்ணு, இடது முன்னங்கால் அஞ்சாவது நகம் வட்டமா சுத்தி சதைக்குள்ள. நான் அங்கயே அழுதுட்டேன். இத்தன நாள் இந்த வலியோட தான் அது நம்மள பாத்து உறுமிட்டு இருந்திருக்கு. வயித்துல பழைய ஆபரேஷன் தழும்பு வேற ரெண்டு இருந்துச்சு, குட்டி எடுத்த தழும்பாம். கருப்பைய எடுக்கற ஆபரேஷன் உடம்பு தேறினப்புறம் அடுத்த மாசம்.

சாக்ஸ் மாட்டினேன், காது உப்பல. முடி இல்லாம ராத்திரி நடுங்கினா, பையனோட பழைய பனியன போட்டு விட்டேன்.

பெரியவர் ஐயா, நானும் பாய் போட்டு படுத்தேன். என் மாமியாரும் இப்ப கூட வந்து படுக்கறாங்க, மண்ணெண்ணெ சொன்னவங்க தான், இப்ப களி உருண்டை உருட்டறதே அவங்க தான். எங்க முதுகுல மூக்கு வெக்கல. ஆனா நேத்து லேப் தோப்புக்குள்ள போச்சு, இவ கோணி விளிம்புல நின்னு பாத்துட்டே இருந்தா, ஒரு கால கீழ மண்ணுல வெச்சா, எடுத்துட்டா, மறுபடி வெச்சா. அப்புறம் நாலு காலும் எறங்கி மாமரத்து நெழல் வரைக்கும் போய் ஒண்ணுக்கு போய்ட்டு ஓடி வந்து கோணில ஏறிக்கிட்டா. டக்கு டக்கு சத்தமே இல்ல.

கிளிப்பர் தம்பி, முடி கால் இன்ச்சு வந்திருக்கு. சீப்பு எப்ப ஆரம்பிக்கட்டும், எந்த மாதிரி வாங்கறது?

கிளிப்பர்_ஓசூர்

அக்கா படிச்சிட்டு கடைல எல்லாருக்கும் படிச்சு காட்டினேன். சீப்பு இப்பவே வாங்கிடுங்க, ஆனா சீவாதீங்க. ஸ்டீல் சீப்பு, ஒரு பாதி பல்லு அகலமாவும் மறு பாதி நெருக்கமாவும் இருக்கும். கோணி பக்கத்துல சும்மா வைங்க, மோந்து பாக்கட்டும். அப்புறம் சீப்போட பின்பக்கத்தால நெஞ்சுல ஒரு தடவ தடவி விட்டு, ஒரு களி உருண்டை குடுங்க. புண்ணு ஆறின இடத்துல மட்டும். முடி அரை இன்ச்சு வந்ததும் தினமும் ரெண்டு நிமிஷம் சீவுங்க, காதுக்குப் பின்னாடியும் அக்குளும் விட்டுடாதீங்க, அங்க தான் மொதல்ல சிக்கு பிடிக்கும். பேரு வெச்சுட்டீங்களா?

தோப்புவீடு

மாமியார் செல்லின்னு கூப்பிடறாங்க. காது திருப்பறா.