அழிந்துபோன மௌனப்படத்தை அதன் மூல நாடகத்தைக் கொண்டு அறிய முடியுமா?

கேள்வி:
1928-இல் ஹாலிவுட் பட நிறுவனமான எம்.ஜி.எம். வெளியிட்ட ‘தி டிவைன் வுமன்’, கிளாடிஸ் உங்கர் எழுதிய ‘ஸ்டார்லைட்’ என்னும் மேடை நாடகத்தைத் தழுவிய மௌனப்படம். விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கத்தில் கிரேட்டா கார்போவும் லார்ஸ் ஹான்சனும் நடித்த அப்படத்தில் இன்று ஒரு சுருள்தான் எஞ்சியுள்ளது. இத்தகைய படங்களின் மூல நாடகத்தை ஊன்றிப் படித்தால், இழந்த பகுதியை ஓரளவேனும் மனத்தில் எழுப்பிக்கொள்ள முடியுமா?

மறுமொழி 1:
கதைப்போக்கை ஊகிக்கலாம், படத்தை மீட்க முடியாது என்பதே என் கருத்து. மேடையில் வசனம் சுமக்கும் பாரத்தை மௌனப்படத்தில் முகமும் கையும் வெளிச்சமும் சுமக்கின்றன. பக்கம் பக்கமான உரையாடல், திரையில் காட்சிகளுக்கிடையே வசனத்தை எழுத்தில் காட்டும் ஓரிரு எழுத்தட்டைகளாகச் சுருங்கிவிடும். 1993-இல் மாஸ்கோவில் கிடைத்த அந்தச் சுருளையே பாருங்கள். படையோடு புறப்பட வேண்டிய வீரன் காதலியிடம் விடைபெறும் காட்சி அது. ஏறத்தாழ 9 நிமிடம். பிற்காலப் படங்களில் எட்டாத உயரத்தில் நிற்பவராக நாம் பார்த்துப் பழகிய கார்போ, இதில் கொஞ்சலும் குறும்புமாக இருக்கிறார். எந்த நாடகப் பிரதியைப் படித்தும் இதை ஊகித்திருக்க மாட்டோம்.

மறுமொழி 2:
இழப்பின் காரணத்தையும் சொல்ல வேண்டும். அக்காலப் படச்சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட் என்னும் வேதிப்பொருளால் ஆனவை. எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீரில் மூழ்கடித்தாலும் அணையாது. தீக்குத் தப்பியவையும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் பிசுபிசுத்து, கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும். பேசும்படம் வந்தபின் மௌனப்படத்துக்குச் சந்தை இல்லாமற்போகவே, மேற்பூச்சில் கலந்திருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் பல சுருள்கள் அழிக்கப்பட்டன. நாடகமோ காகிதத்தில் இருந்ததால் பிழைத்தது.

மறுமொழி 3:
முதல் மறுமொழியோடு பெரிதும் உடன்படுகிறேன்; ஆயினும் நாடகத்தை ஒதுக்கிவிட வேண்டாம். படத்தொகுப்புக்குப்பின் காட்சி வாரியாகத் தயாரிக்கப்படும் குறிப்பேடு கிடைத்தால், அதை நாடகத்தோடு ஒப்பிட்டு, மேடையில் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லும் நிகழ்ச்சியைப் படம் எங்கே நேரடியாகக் காட்டியது, எதை விட்டது என்று கண்டறியலாம். விளம்பர ஒளிப்படங்களை மட்டும் எச்சரிக்கையோடு கையாளுங்கள். அவை படச்சுருளிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களை நிறுத்தித் தனிக் கேமராவால் எடுத்தவை. வெட்டி நீக்கப்பட்ட காட்சியும் அவற்றில் இருக்கக்கூடும்.