முதல் முறையாக எம்ஜிபி பிரிக்கப் போகிறேன், எங்கே தொடங்குவது?

புதுஸ்பேனர்:
ரொம்ப நாள் ஆசை, ஒரு 1966 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கிவிட்டேன். பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டி. இஞ்சின் சுற்றுமா என்று தெரியாது, ஒயரிங்கை எலி பதம் பார்த்திருக்கிறது, பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கிறது. பைக் இஞ்சின் இரண்டு பிரித்து மாட்டியிருக்கிறேன், காரில் கை வைப்பது இதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் கழற்றி, பாடியைத் தனியே நிறுத்தி பெயிண்ட் அடித்துவிட்டு ஒவ்வொன்றாக மாட்டலாம் என்பது திட்டம். சரியா? இன்னொரு சின்ன விஷயம். நேற்று ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தபோது கதவைத் திறந்தேன், திரும்ப மூடவே இல்லை. இறக்கியதும் ஒழுங்காக மூடியது.

துருவேட்டை:
அந்தச் சின்ன விஷயத்தை முதலில் பாருங்கள், பெயிண்டெல்லாம் அப்புறம். இந்த வண்டிக்குத் தனி சேஸ் கிடையாது. கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பெட்டி மாதிரியான பகுதி, சில் என்பார்களே, கூரை இல்லாத ரோட்ஸ்டரில் பெரும்பாலும் அதுதான் வண்டியை வளையாமல் பிடித்து வைத்திருக்கிறது. அது உள்ளே துருப்பிடித்துப் போனால், தூக்கும்போது வண்டி நடுவில் வளையும், கதவு இடிக்கும். ஒரு சின்ன காந்தத்தைத் துணியில் சுற்றி சில் மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. வெளித்தகடு நன்றாக இருந்தாலும் நம்பாதீர்கள், அதற்குள்ளே இன்னும் தகடுகள் இருக்கின்றன, துரு அங்கிருந்துதான் வெளியே வரும்.

வெட்ட வேண்டி வந்தால், அதற்கு முன் கதவு இருந்த இடத்தின் குறுக்கே, கீல் பக்கத்துத் தூணிலிருந்து பூட்டுப் பக்கத்துத் தூண் வரை இரும்புக் குழாய் வைத்து இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுவதும் வெல்டிங் முடித்து, கதவை மாட்டி இடைவெளி பார்த்த பிறகுதான் மறுபக்கம். நான் முதல் வண்டியில் இரண்டையும் ஒரே நாளில் வெட்டினேன். அப்புறம் அந்தக் கதவுகள் எதிலும் பொருந்தவில்லை, என்ன சொல்ல!

கரிக்கை:
மேலே சொன்னது சரி, ஆனால் சில், தரை, பின்பக்கம் எல்லாமே போயிருந்தால் வெல்டிங்கிலேயே வருடங்கள் ஓடிவிடும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனத்தார் 1988 முதல் எம்ஜிபிக்குப் புது பாடியே செய்து தருகிறார்கள், அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் கழற்றாதீர்கள் என்பதுதான் என் கட்சி. பிரித்துப் போட்ட வண்டிகள் பாதி பெட்டிகளிலேயே விற்பனைக்கு வருகின்றன. முதலில் இஞ்சின் உயிரோடு இருக்கிறதா பாருங்கள்: பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றுங்கள், செல்ஃப் அடிக்காதீர்கள். இந்த வண்டியில் உள்ள எஸ்யூ கார்புரேட்டர் இரண்டிலும் மேலே உள்ள டேம்பரை (ஆயிலில் நிற்கும் சின்னத் தண்டு) எடுத்துவிட்டு, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள், டக்கென்று சத்தத்தோடு விழ வேண்டும். தயங்கித் தயங்கி இறங்கினால் ஒன்று அழுக்கு, அல்லது பெட்ரோலை அளந்து விடும் ஊசி அதன் துளைக்கு நடுவில் இல்லை.

ஸ்பேனர் விஷயம்: இது அங்குல நட்டு. அரை அங்குலம் என்றால் 12.7 எம்எம், 13 போட்டாலும் பிடித்த மாதிரிதான் இருக்கும், துருப்பிடித்த நட்டில் மூலை மழுங்கிவிடும். அங்குல செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

எர்த்ராஜா:
ஒயரிங் தொடுவதற்கு முன்: 66 வண்டியில் பாசிட்டிவ் எர்த். பாடிக்குப் போவது பிளஸ். யாராவது இடையில் மாற்றியிருக்கலாம், பேட்டரியில் பாருங்கள் (சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் இரண்டு இருக்கும், இல்லையென்றால் யாரோ 12 வோல்ட் ஒன்று போட்டிருப்பார்கள்). இதைப் பார்க்காமல் நெகட்டிவ் எர்த் ரேடியோ மாட்டினால் அது புகைந்துவிடும். இந்த வண்டிகளுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் ஒயரிங்கைக் கிண்டல் செய்யாதவர் இல்லை, ஆனால் நான் பார்த்த பழுதில் பாதி எர்த் ஒயர் துருவில் உட்கார்ந்திருப்பதுதான். தகட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி மாட்டினாலே பல லைட் எரியும்.

புதுஸ்பேனர்:
காந்தம் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சாண் அளவுக்கு ஒட்டவே இல்லை. ஸ்குரூடிரைவரால் லேசாகக் குத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வலது பக்கம் இன்னும் தைரியம் வரவில்லை. துருவேட்டை அண்ணா, அந்தக் குறுக்குக் குழாயைத் தூணில் வெல்டிங் வைக்க வேண்டுமா, கீல் போல்ட் துளையிலேயே மாட்டினால் போதுமா?

துருவேட்டை:
போல்ட் துளையே போதும், ஆனால் நடுவில் நீளம் கூட்டிக் குறைக்கிற மாதிரி திருகு வைத்துச் செய்யுங்கள், கதவு இடைவெளியைச் சரிசெய்ய உதவும். குத்துவதற்கு முன் வலது பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.