வால் மட்டும் துடிக்குது, இது பாம்பா அரணையா?

கொடுங்கையூர்க்காரன்:
நேற்று மழை விட்டதும் வாசல் பூந்தொட்டியை நகர்த்தினேன். அடியிலிருந்து என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளமாக, எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று ஒன்று நெளிந்து வந்தது. கால் எதுவும் கண்ணில் படவில்லை. அம்மா "பாம்பு பாம்பு" என்று கத்த, நானும் துடைப்பத்தால் ஒரு போடு போட்டுவிட்டேன். பார்த்தால் சிவப்பு வால் மட்டும் தனியாகக் கிடந்து துடிக்கிறது, உடம்பு தண்ணீர்த் தொட்டிச் சம்புக்குப் பின்னால் போய்விட்டது. எதிர்வீட்டுப் பாட்டி "அரணை கடித்தால் மரணம்" என்று வேறு கிளப்பிவிட்டார். கால் இல்லாத பல்லி என்று ஒன்று இருக்கிறதாமே, அதுவா இது?

வியாசை மணி:
தம்பி, அது பாம்புராணிதான், அதாவது அரணை. அதிலும் ஒல்லியான தோட்டத்து வகை, குட்டியாக இருக்கும்போது வால் சிவப்பாக இருக்கும். கால் நாலும் உண்டு, ஆனால் அரிசி மாதிரி சின்னது, வேகமாகப் போகும்போது உடம்போடு ஒட்டிக்கொள்வதால் தெரியாது. அடிப்பவன் வாலைப் பார்த்து அடிக்கட்டும் என்றுதான் அந்தச் சிவப்பே, நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். வால் திரும்ப முளைக்கும். விஷம் கிடையாது. அரணை கடிக்க வந்து பாதியிலேயே மறந்துவிடும், அதுதான் அரணை புத்தி என்று சொல்வதும் இதே பாட்டிமார்தான், அப்புறம் மரணம் எங்கிருந்து வரும்?

காசிமேடு ராஜா:
குளியலறையில் மண்புழு மாதிரி கருப்பாக வருமே, காதுக்குள் பூந்துவிடும் என்பார்களே, அதுவாக இருக்காதா?

வியாசை மணி:
இல்லை ராஜா, அது புழுப்பாம்பு, நிஜப் பாம்பு. வாலை அறுத்துப் போட்டுவிட்டு ஓடாது. அதுவும் பாவம், எறும்பு முட்டையும் கரையானும் தின்று பிழைக்கிறது, விஷமும் இல்லை. அதில் ஆணே கிடையாது, எல்லாம் பெண்தான்.

ராயபுரத்து ஆள்:
நான் இப்போது இங்கிலாந்தில். நீங்கள் கேட்ட காலில்லாத பல்லி இங்கே உண்டு, ஸ்லோ வார்ம் என்பார்கள். முதலில் எங்கள் தோட்டத்து உரக்குழியில் அதைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்து வீட்டுக் கிழவர் வந்து கையில் எடுத்துக் காட்டினார். அது கண்ணைச் சிமிட்டியது! பாம்புக்கு இமையே கிடையாதே. நத்தை, புழுதான் சாப்பாடு, முட்டை இடாமல் குட்டியாகவே ஈனும். கோபன்ஹேகன் மிருகக்காட்சி சாலையில் ஒன்று 54 வருடம் இருந்திருக்கிறது. கொன்றால் இங்கே குற்றம், 1981 சட்டம். நம் நாட்டிலும் டார்ஜிலிங் பக்கம் கண்ணாடிப் பல்லி இருக்கிறது, ஒடிசா சிலிகா ஏரித் தீவில் காலே இல்லாத அரணை இருக்கிறது, 1917இல் பதிவானது. கொடுங்கையூருக்கெல்லாம் அவை வராது.

கொடுங்கையூர்க்காரன்:
சரிதான் அண்ணா. இன்று காலை சம்பு மூடிமேல் மொட்டை வாலோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன், காதோட்டையும் தெரிந்தது, நாலு காலும் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாம்பு இல்லன்னா என்ன, துணியை நீயே காயப்போடு" என்று வாளியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.