அமைதிக்கென ஒரு பேராசிரியர் பதவி: குமரிக்குத் தேவையா?

கேள்வி (தக்கலை வாசகர்):
அமைதியையும் நல்லிணக்கத்தையும் ஆராய்வதற்கென்றே சில பல்கலைக்கழகங்களில் தனிப் பேராசிரியர் பதவி இருக்கிறது. 1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே மூண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட நம் மாவட்டத்தில் அப்படியொரு பதவியை ஏற்படுத்தினால், அதில் அமர்பவர் கருத்தரங்கு நடத்துவதைத் தவிர வேறென்ன செய்துவிட முடியும்?

மறுமொழி (நாகர்கோவில், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்):
நிறையச் செய்யலாம், ஐயா. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1973-இல் போரை எதிர்க்கும் கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்களின் ஆதரவோடு அமைதியியல் துறை தொடங்கியபோது முதல் பேராசிரியரான ஆடம் கர்ல், அதற்குமுன் நைஜீரிய உள்நாட்டுப் போரில் இரு தரப்புக்கும் இடையே தூது சென்றவர். இங்கே முதல் வேலை, கலவரத்தை நேரில் கண்ட முதியோரின் வாய்மொழியைக் கடற்கரை ஊர்களிலும் உட்பகுதி ஊர்களிலும் ஒருசேரப் பதிவுசெய்வதுதான். நீதிபதி வேணுகோபால் ஆணையம் காரணங்களை விசாரித்தது. ஆனால் மீன்கூடையோடு மறுபடி முதலில் சந்தைக்கு வந்தவர் யார், அவரிடம் தயங்காமல் வாங்கியவர் யார் என்பதையெல்லாம் விசாரணை ஆணையங்கள் கேட்பதில்லை.

மறுமொழி (குளச்சல் வாசகர்):
மண்டைக்காட்டில் அமைதி திரும்பப் பாடுபட்ட சைவ மடத் தலைவர் குன்றக்குடி அடிகளார் எந்தப் பேராசிரியர் நாற்காலியிலும் இருந்து அதைச் செய்யவில்லையே! பதவி வரட்டும்; ஆனால் ஒரு மடமோ ஒரு மறைமாவட்டமோ தனித்து நிதி கொடுத்தால், மற்றத் தரப்பினர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்கள்.

தக்கலை வாசகர்:
அப்படியானால் சம்பளத்தைப் பல்கலைக்கழகமே கொடுக்க வேண்டும். பதிவுப் பணியை மாணவர்களைக் கொண்டு இப்போதே தொடங்கலாமா, ஐயா?