மறைக்கல்வி வகுப்பை விடாமல் நடத்த வழி கேட்கிறேன்

இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க! பாம்பன் பக்கத்தில் விசைப்படகில் தொழில் செய்கிறேன். 11 ஆண்டுகளாக எங்கள் பங்கு ஆலயத்தில் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி (கிறிஸ்தவ விசுவாசப் பாடம்) எடுத்து வருகிறேன்.

சனிக்கிழமை கடலுக்குப் போகும் படகு ஞாயிறு காலையில்தான் கரை சேர்கிறது. மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, வலை வாடையோடு வகுப்புக்கு ஓடுகிறேன். சில வாரங்கள் பிள்ளைகள் காத்திருந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது நெஞ்சை அறுக்கிறது. இப்போது தம்பி வளைகுடாவுக்கு அழைக்கிறான், கடனும் இருக்கிறது.

புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) உயிர்கொடுத்த ஓரியூருக்குப் போய் அழுதேன். போர்த்துக்கீசிய மறைப்பணியாளரான அவர் 1687-இல் தம் சொந்த ஊரான லிஸ்பனுக்குத் திரும்பியவர். அங்கேயே தங்கச் சொன்னார்கள். அவரோ நம் ராமநாதபுரம் பக்கத்து மறவர் நாட்டுக்கே மீண்டும் வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று அந்த மண்ணில் தலை வெட்டுண்டார். அவரோடு என்னை ஒப்பிடவில்லை. ஆனாலும் இந்தப் பிள்ளைகளை என்னிடம் ஒப்படைத்தவர் ஆண்டவர் என்றே நம்புகிறேன்.

கடல் தொழிலோடு மறைக்கல்வியும் எடுக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, வகுப்பை எந்த நாளில், எந்த நேரத்தில் வைக்கிறீர்கள்? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாடங்களை மொத்தமாக முடித்தால் பிள்ளைகள் மனத்தில் நிற்குமா? தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் மாதம் இரண்டு ஞாயிறு வந்து உதவக்கூடியவர் இருந்தால் இங்கே சொல்லுங்கள். தம்பிக்கு இந்த மாத இறுதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.